வலிப்பு, பக்கவாதம், மனநலச் சிகிச்சை: அமெரிக்காவில் டிரக் ஓட்ட மெடிக்கல் கார்டு வாங்கும் வழி

அமெரிக்காவில் டிரக் அல்லது பஸ் ஓட்டும் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது சில வருடங்களுக்கு முன் வலிப்பு வந்திருக்கிறது. "இதையெல்லாம் சொன்னால் கார்டு கிடைக்காது, பரிசோதனைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திவிடு" என்று தெரிந்தவர் யாராவது சொல்லியிருக்கலாம். தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும் ஆபத்து உண்டு. மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் பதற்றமும் வரலாம். நோயே பழையபடி தலைதூக்கலாம். இத்தனைக்குப் பிறகும் நினைத்த பலன் கிடைக்காது. மருந்து மாறி எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் பரிசோதனையில் பார்க்கிறார்கள். நேற்று நிறுத்தியவரின் கணக்கு நேற்றிலிருந்துதான் தொடங்கும்.

ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, அதற்கான காகிதங்களையும் கையில் வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பரிசோதனையில் வாய்ப்பு அதிகம். எங்கே ஆரம்பிப்பது, என்னென்ன சேர்ப்பது, முடிவு பாதகமாக வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில்: இந்தக் கார்டு உங்களுக்கு வேண்டுமா?

எல்லோரும் மெடிக்கல் கார்டு என்று சொல்வது மருத்துவப் பரிசோதகர் தரும் சான்றிதழைத்தான். படிவ எண் எம்சிஎஸ்ஏ-5876. இதற்கான விதிகளை வகுப்பது, டிரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்எம்சிஎஸ்ஏ என்ற கூட்டாட்சி அமைப்பு. மாநில எல்லை தாண்டும் வணிகத்தில் 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடை மதிப்புள்ள வண்டி ஓட்டினால் இது வேண்டும். டிரைவரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏறக்கூடிய வண்டிக்கும், நேரடியாகக் கட்டணம் வாங்கி 9 முதல் 15 பேரை ஏற்றும் வண்டிக்கும், அபாயப் பொருள் பலகை மாட்ட வேண்டிய சரக்குக்கும் இது பொருந்தும். சிடிஎல் என்ற கனரக வணிக வண்டி லைசென்ஸ் பொதுவாக 26,001 பவுண்டில் தொடங்குகிறது. ஆகவே சிடிஎல் தேவைப்படாத நடுத்தர டிரக் ஓட்டுகிறவருக்கும் மெடிக்கல் கார்டு தேவைப்படலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை.

சிடிஎல் எடுக்கும்போது, நீங்கள் மாநிலங்களுக்கிடையே ஓட்டுபவரா, ஒரே மாநிலத்துக்குள் ஓட்டுபவரா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் யோசித்துக் குறியுங்கள். மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குச் சில மாநிலங்கள் தங்களுக்கென்று தனி விலக்கு முறை வைத்திருக்கின்றன. கூட்டாட்சி விதியில் தகுதி கிடைக்காத ஒருவருக்கு அந்த வழி திறந்திருக்கலாம்.

பள்ளிக்குப் பணம் கட்டும் முன் பரிசோதனை

சிடிஎல் பயிற்சிப் பள்ளிகள் ஆயிரக்கணக்கான டாலர் வாங்குகின்றன. பணம் கட்டி, வேலையை விட்டு, வகுப்பில் உட்கார்ந்த பிறகு மருத்துவத்தில் தடங்கல் வந்தால் இழப்பு பெரிது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் சொந்த டாக்டரைப் பார்த்துக் காகிதங்களைச் சேருங்கள். அடுத்து மருத்துவப் பரிசோதனை. அதில் தேறிய பிறகு பள்ளி.

பரிசோதனையை எந்த டாக்டரிடமும் செய்துகொள்ள முடியாது. 2014 மே 21 முதல், தேசியப் பதிவேட்டில் பெயர் உள்ள பரிசோதகர்கள் மட்டுமே சான்றிதழ் தரலாம். எம்டி டாக்டர்கள் தவிர, உரிய பயிற்சி முடித்த நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், கைரோபிராக்டர் (முதுகெலும்புக்குக் கையால் சிகிச்சை தருபவர்) ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நரம்பு அல்லது மனநல வரலாறு உள்ளவர்கள், நெடுஞ்சாலை ஓரக் கடையில் கால் மணி நேரத்தில் முடித்துத் தரும் இடத்தைவிட, தொழில்சார் மருத்துவ கிளினிக்கில் இருக்கும் பரிசோதகரைத் தேடுவது நல்லது என்பது என் கருத்து. இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்துப் பழகியவர், எது தேவை என்று முன்கூட்டியே சொல்வார். நேரம் வாங்குவதற்காகப் போன் செய்யும்போதே "எனக்கு இந்த வரலாறு இருக்கிறது, என்ன கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

விதி எப்படிப் பார்க்கிறது

எஃப்எம்சிஎஸ்ஏ-வின் 391.41 என்ற விதியில் உடல் தகுதிகள் வரிசையாக இருக்கின்றன. நம் விஷயத்துக்கு முக்கியமானவை சில உட்பிரிவுகள். எட்டாவது, வலிப்பு நோய் மற்றும் நினைவு தப்பச் செய்யக்கூடிய எந்த நோயும் பற்றியது. ஒன்பதாவது, பாதுகாப்பாக ஓட்டுவதற்கு இடையூறாகக்கூடிய மன, நரம்பு நோய்கள் பற்றியது. ஏழாவதில் தசை, நரம்புத்தசை நோய்கள் வருகின்றன. பன்னிரண்டாவது மருந்துகளையும் போதைப்பொருட்களையும் பற்றியது.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வலிப்பு நோய் என்று உறுதியான வரலாறு இருந்தால் பரிசோதகருக்கு அதிகம் இடமில்லை. விதியே தடுக்கிறது, விலக்கு வாங்கித்தான் வர வேண்டும். மனநல நோயில் அப்படியில்லை. அங்கே நோயின் பெயர் மட்டும் முடிவைச் சொல்வதில்லை. ஓட்டுவதற்கு இடையூறாக இருக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்பவர் பரிசோதகர். பதில் சொல்லத் தேவையான ஆதாரத்தைக் கொடுப்பது உங்கள் வேலை.

இணையத்தில் தேடினால் "இருமுனை (பைபோலார்) நோய்க்கு இத்தனை மாதம், பக்கவாதத்துக்கு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்" என்ற பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் பல, பழைய பரிசோதகர் கையேட்டிலிருந்து வந்தவை. 2024-இல் வெளியான புதிய கையேடு, ஒவ்வொரு டிரைவரையும் தனித்தனியாக எடைபோட்டு முடிவெடுக்கச் சொல்கிறது. ஆனாலும் நீண்டகால அனுபவமுள்ள பரிசோதகர்கள் சிலர் பழைய காலக்கெடுக்களை ஒரு அளவுகோலாக இன்னும் மனதில் வைத்திருப்பார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாக இருக்கும்.

வலிப்பு: இங்கே கணக்கு துல்லியமானது

உங்களுக்கு வந்தது எந்த வகை வலிப்பு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நரம்பியல் நிபுணர் எழுதித் தரும் ஒரு வரி உங்கள் காத்திருப்பைப் பல வருடங்கள் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

அதிகக் காய்ச்சல், மருந்தின் எதிர்விளைவு, உடலில் நீர் வற்றியது, ரத்தத்தில் சோடியம் அல்லது சர்க்கரை தாறுமாறானது போன்ற தெளிவான காரணத்தால் வலிப்பு வந்திருந்தால், அந்தக் காரணம் முழுதாகச் சரியாகி, பின்விளைவு எதுவும் மிச்சமில்லாமல், வலிப்பு மருந்தும் எடுக்காத நிலையில் சான்றிதழுக்குப் பரிசீலிக்கலாம். இந்த வகைக்குள் வருபவர்கள் அன்றைய மருத்துவமனைக் குறிப்பை எப்படியாவது தேடி எடுங்கள். காரணம் அதில்தான் எழுதியிருக்கும்.

காரணம் தெரியாமல் ஒருமுறை நினைவு தப்பியது, வலிப்பு மருந்து தேவைப்படவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 6 மாதம் காத்திருந்து, முழு நரம்பியல் பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருந்தால் தகுதி பெறலாம் என்பது அமைப்பின் வழிகாட்டுதல்.

தூண்டுதல் எதுவும் இல்லாமல் ஒரே ஒருமுறை வலிப்பு வந்தவர், மருந்தில்லாமல் 5 வருடம் வலிப்பின்றி இருந்தால் தகுதி பெறலாம். வலிப்பு நோய் என்றே கண்டறியப்பட்டவருக்கு இது 10 வருடம், அதுவும் மருந்தில்லாமல்.

மருந்து எடுத்துக்கொண்டே நன்றாக இருப்பவர்களுக்கு விலக்குத் திட்டம் இருக்கிறது. எஃப்எம்சிஎஸ்ஏ 2013 முதல் வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு இந்த விலக்கைத் தந்து வருகிறது. வலிப்பு நோய் உள்ளவர் 8 வருடம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். மருந்து எடுக்கிறார் என்றால் கடைசி 2 வருடம் மருந்தும் அளவும் மாறாமல் இருக்க வேண்டும். மருந்தை நிறுத்தியவருக்கு அந்த 8 வருடம், நிறுத்திய நாளிலிருந்து எண்ணப்படும். தூண்டுதலின்றி ஒரே வலிப்பு வந்தவருக்கு 4 வருடம் போதும். மருந்துக்கு அதே 2 வருட நிலைத்தன்மை.

நிறுத்திய நாளிலிருந்து எண்ணப்படும் என்பதை இன்னொரு தடவை படியுங்கள். ஒரே மருந்தை ஒரே அளவில் 9 வருடமாக எடுத்து வலிப்பே வராமல் இருப்பவர் இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். அவரே "மருந்தில்லாமல் இருந்தால் விண்ணப்பத்துக்கு நல்லது" என்று நிறுத்தினால், இன்னும் 8 வருடம் போக வேண்டும். ஆகவே மருந்தை மாற்றுவது, குறைப்பது, நிறுத்துவது எதுவானாலும் உங்கள் நரம்பியல் டாக்டரோடு பேசும்போது இந்த வேலைக் கணக்கையும் சொல்லுங்கள். அதேசமயம், உடம்புக்காக மருந்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மாற்றுங்கள். கார்டு தள்ளிப்போகும், போகட்டும்.

விண்ணப்பத்தோடு நரம்பியல் டாக்டரின் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஓட்டுநர் பதிவு எல்லாம் போகும். விவரம் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவிப்பாக வந்து, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் கொடுப்பார்கள். முழுமையான விண்ணப்பம் சேர்ந்ததிலிருந்து முடிவுக்கு 180 நாள் வரை ஆகலாம். அந்த ஆறு மாதத்தைக் குடும்பச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த பிறகும் ஒவ்வொரு வருடமும் பரிசோதனையும், சிகிச்சை டாக்டரின் அறிக்கையும் கட்டாயம். விலக்கு கிடைத்தவர் கனடாவுக்குள் வணிக வண்டி ஓட்ட முடியாது. வேலைக்குச் சேரும்போதே எல்லை தாண்டும் ரூட் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தைப் பருவத்தில் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அது வலிப்பு நோய் ஆகாது. ஆனாலும் கேட்டால் சொல்லுங்கள், எந்த வயதில் என்பதையும் சேர்த்து.

பக்கவாதம், தலைக்காயம், மற்ற நரம்பு நோய்கள்

இவற்றில் பரிசோதகர் பார்ப்பது இரண்டு விஷயம்: மிச்சமிருக்கும் பலவீனம் என்ன, இனிமேல் வலிப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு. பக்கவாதம் மூளையின் மேற்பரப்பைத் தாக்கியிருந்தால் வலிப்பு வாய்ப்பு கூடுதல். மூளைத்தண்டு, சிறுமூளைப் பகுதி என்றால் குறைவு. எனவே ஸ்கேன் அறிக்கையில் இடம் தெளிவாக இருக்க வேண்டும். தலைக்காயத்திலும் அப்படித்தான். சில நிமிடம் தடுமாறிய லேசான அதிர்ச்சியும், மூளை உறை கிழிந்து அறுவை சிகிச்சை நடந்த காயமும் ஒன்றல்ல. பார்வையின் ஒரு பக்கம் மறைகிறதா, கவனம், நினைவு, முடிவெடுக்கும் வேகம் சரியா என்பதற்கு நியூரோசைக்காலஜி சோதனை கேட்கலாம். கை அல்லது காலில் நிலையான பலவீனம் இருந்தால், ஓட்டிக் காட்டித் தகுதி வாங்கும் எஸ்பிஇ சான்றிதழ் என்று ஒரு தனி வழி உண்டு.

பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் போன்றவை காலப்போக்கில் மாறும் நோய்கள். ஆரம்ப நிலையில் தகுதி கிடைத்தாலும் குறுகிய காலத்துக்கே தருவார்கள். கட்டுப்படாத தலைசுற்றலும், பகலில் திடீரெனத் தூக்கம் வீழ்த்தும் நார்கோலெப்சியும் இருந்தால் தகுதி கிடைப்பது மிகக் கடினம்.

மைக்ரேன் உள்ளவர்கள் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: மாதத்தில் எத்தனை, கண் மறைக்கிறதா, என்ன மாத்திரை, எத்தனை மணி நேரத்தில் சரியாகிறது.

மனநலம்: எதைக் கேட்பார்கள், ஏன்

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஒரே மாத்திரையைப் பல மாதமாக எடுத்து, நன்றாகத் தூங்கி, வேலைக்குப் போய் வருகிற ஒருவர் மாத்திரை எடுக்கிறார் என்பதற்காக மட்டும் தகுதி இழப்பதில்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் பரிசோதகர்கள் தினமும் பார்ப்பவைதான். பரிசோதகரைத் தயங்க வைக்கும் விஷயங்கள் வேறு: சமீபத்தில் தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதியான சந்தேகம், கட்டுக்கடங்காத கோபம், மனநலக் காரணத்துக்காகச் சமீபத்தில் மருத்துவமனையில் தங்கியது, போன வாரம்தான் மாற்றிய மருந்து. இவற்றில் ஏதாவது இருந்தால் அவசரப்படாதீர்கள். மனம் தேறி, மருந்து உடலுக்குப் பழகி, உங்கள் மனநல டாக்டர் தைரியமாக எழுதித் தரும் நிலை வரும்வரை பரிசோதனைக்குப் போக வேண்டாம்.

இருமுனை நோய் உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். டிரக் வேலையில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம் என்பது விதி. அந்தக் கடிகாரம் நாளுக்கு நாள் நகரும். இந்த வாரம் பகலில் ஓட்டியவர் அடுத்த வாரம் நடு இரவில் ஓட்டுவார். தூக்கம் கலைவது மேனியாவை (மனம் கட்டுமீறிப் பரபரக்கும் நிலையை) கிளப்பும், வலிப்பையும் தூண்டும். கார்டு கிடைத்துவிட்டது என்பதற்காக நாட்டைக் குறுக்கே கடக்கும் வேலையைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. தினமும் வீடு திரும்பும் உள்ளூர் விநியோகம், நேரம் மாறாத ஒரு ரூட் என்று தேடுங்கள். சம்பளம் சற்றுக் குறையலாம். மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகும், டாக்டரை மாதாமாதம் பார்க்க முடியும், சாப்பாட்டு மேசையில் முகம் பார்த்து "என்ன, இரண்டு நாளாகத் தூங்கவில்லையா?" என்று கேட்க ஒருவர் இருப்பார். இந்த வேலையின் தனிமையைப் பற்றி ஆரம்பத்தில் யாரும் சொல்வதில்லை. வாரக்கணக்கில் கேபினில் தனியாக இருப்பது திடமானவரையும் அசைக்கும்.

போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களும், பெரிய விபத்தில் தப்பியவர்களும் மனவடுவைச் சுமந்துகொண்டிருக்கலாம். கெட்ட கனவு, சத்தம் கேட்டால் உடல் விறைப்பது, ஒரு கணம் பழைய காட்சிக்குள் போய்விடுவது போன்றவை சிகிச்சையில் நன்றாகக் குறையும். பரிசோதகர் பார்ப்பது அந்தக் கணம் ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது வருமா என்பதைத்தான். சிகிச்சைக்குப் போகாமல் இருப்பது இதற்கு எந்த விதத்திலும் உதவாது.

கவனக்குறைவு நோய்க்கு (ஏடிஎச்டி) ஆம்ஃபெட்டமின் வகை மருந்து எடுப்பவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். விதியில் அந்த மருந்துக்குத் தடை இருந்தாலும் விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது: உங்கள் வரலாறு தெரிந்த, உரிமம் பெற்ற டாக்டர் எழுதித் தந்து, அது பாதுகாப்பாக ஓட்டுவதைப் பாதிக்காது என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமின் தெரிந்தால், மருத்துவ மறுஆய்வு அதிகாரி உங்களைப் போனில் கூப்பிட்டு மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பார். அந்த அழைப்பை எடுக்காமல் விடாதீர்கள். கஞ்சா விஷயத்தில் இப்படிப்பட்ட இடம் கிடையாது. உங்கள் மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா அட்டை இருந்தாலும் கூட்டாட்சி விதியில் செல்லாது.

காகிதங்கள்: பாதி வேலை இங்கேதான்

எம்சிஎஸ்ஏ-5895 என்று ஒரு மருந்துப் படிவம் இருக்கிறது. கட்டாயமில்லை, ஆனால் பரிசோதகர் கேட்கலாம். அதை நீங்களே முன்கூட்டி எடுத்து, மருந்து எழுதும் டாக்டரிடம் கொடுத்து நிரப்பி வாங்கிப் போனால் ஒரு பயணம் மிச்சம். என்ன மருந்து, என்ன அளவு, எதற்காக, அந்த மருந்தோடு வணிக வண்டி ஓட்டலாமா என்ற டாக்டரின் கருத்து எல்லாம் அதில் வரும்.

இதோடு ஒரு கடிதமும் கேளுங்கள். "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று ஒற்றை வரியில் தரும் கடிதம் எதற்கும் உதவாது. எப்போது நோய் கண்டறியப்பட்டது, கடைசி அறிகுறி எப்போது, இப்போதைய மருந்து எந்தத் தேதியிலிருந்து மாறாமல் இருக்கிறது, மயக்கமோ மந்தமோ தருகிறதா, நோயாளி ஒழுங்காக வருகிறாரா, கனரக வண்டி ஓட்டுவதில் ஆட்சேபம் உண்டா என்ற விவரங்கள் தேதிகளோடு வேண்டும். டாக்டர்களுக்கு நேரம் குறைவு. இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் பதில் எழுதித் தருவார்கள்.

வலிப்பு மருந்துகள் சில, வேறு நோய்களுக்கும் தரப்படுகின்றன. டோபிராமேட் மைக்ரேனுக்கும், லமோட்ரிஜின், வால்புரோயேட் இரண்டும் இருமுனை நோய்க்கும், காபாபென்டின் நரம்பு வலிக்கும் தருவார்கள். பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்ததும் பரிசோதகர் வலிப்பு என்று சந்தேகிப்பது இயல்பு. "இது வலிப்புக்காகத் தரப்படவில்லை, இன்ன காரணத்துக்குத் தரப்படுகிறது" என்று டாக்டரின் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கட்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம், இஇஜி (மூளை அலைப் பதிவு), எம்ஆர்ஐ அறிக்கை எல்லாவற்றையும் வீட்டில் யாரையாவது தேடச் சொல்லுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேளுங்கள். மருந்துகளை வேதிப்பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் எப்டாயின் என்று வாங்கியது ஃபெனிடாயின். இங்கே டிலான்டின் என்று வரும். லெவிபில் என்றது லெவெடிராசெட்டம், இங்கே கெப்ரா. இங்குள்ள நரம்பியல் டாக்டர் ஒருவரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்து, அவருடைய கோப்பிலும் உங்கள் வரலாறு ஏறட்டும். முதல் சந்திப்பிலேயே "கடிதம் தாருங்கள்" என்றால் எந்த நல்ல டாக்டரும் தயங்குவார்.

பரிசோதனை நாளில்

எம்சிஎஸ்ஏ-5875 என்ற நீண்ட படிவத்தின் முதல் பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும். தலைக்காயம், வலிப்பு, தலைசுற்றல், மரத்துப்போதல், நினைவு மறதி, பக்கவாதம், மயங்கி விழுந்தது, பதற்றம், மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, மருத்துவமனையில் தங்கியது என்று வரிசையாகக் கேள்விகள். ஆம், இல்லை என்பதோடு "உறுதியாகத் தெரியாது" என்ற கட்டமும் இருக்கிறது. உண்மையிலேயே தெரியாததற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

ஆம் என்று குறித்தவற்றை விளக்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நினைவு முற்றிலும் தப்பியதா, தலை மட்டும் சுற்றியதா, எத்தனை நிமிடம், யார் பார்த்தார்கள், விழுந்தீர்களா, அதற்கு முன் சாப்பிடாமல் இருந்தீர்களா. இந்த விவரங்கள்தான் ஒரு சம்பவத்தை வலிப்பிலிருந்து பிரித்துக் காட்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்தின் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து, தவறான தகவல் தந்தால் சான்றிதழ் செல்லாது, அபராதமோ குற்ற வழக்கோ வரலாம் என்பதை ஏற்கும் கையெழுத்து. பின்னால் ஒரு விபத்து நடந்தால் வழக்கறிஞர்கள் முதலில் தேடுவது மருந்துக் கடைப் பதிவுகளைத்தான். அதையெல்லாம்விட, 80,000 பவுண்டு எடையோடு நெடுஞ்சாலையில் போகும்போது சில விநாடி நினைவு தப்பினால் முன்னால் போகும் காரில் இருக்கும் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விதிகள் அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் எழுதப்பட்டவை.

பரிசோதனையில் எடுக்கும் சிறுநீர் மாதிரி சர்க்கரை, புரதம், ரத்தம் போன்றவற்றைப் பார்க்க. போதைப்பொருள் சோதனை தனி. அதை வேலை தரும் நிறுவனம் ஏற்பாடு செய்யும். இரண்டும் ஒரே கிளினிக்கில் ஒரே நாளில் நடப்பதால் குழப்பம் வருகிறது.

முடிவு எப்படியும் வரலாம்

அதிகபட்சம் 24 மாதத்துக்குச் சான்றிதழ் தருவார்கள். உங்கள் நிலையைப் பார்த்து 1 வருடமோ, 6 மாதமோ, 3 மாதமோ தரலாம். குறுகிய காலச் சான்றிதழை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அதை வைத்து வேலை செய்யலாம்.

கூடுதல் ஆதாரம் தேவை என்றால் "முடிவு நிலுவையில்" என்று 45 நாள் வரை வைத்திருப்பார்கள். அதற்குள் கடிதமோ அறிக்கையோ போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து பரிசோதனை. நரம்பியல் டாக்டரிடம் நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் உண்டு என்பதால்தான் காகிதத்தை முன்கூட்டிச் சேர்க்கச் சொன்னேன்.

தகுதியில்லை என்று வந்தால் காரணத்தைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு பரிசோதகரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இருவருக்கும் ஒரே தகவலைத் தர வேண்டும். இரண்டு முடிவுகளும் தேசியப் பதிவேட்டில் ஏறும். உங்கள் பரிசோதகரும் நிறுவனத்தின் பரிசோதகரும் வேறுவேறு முடிவு சொன்னால், நடுநிலையான நிபுணரின் கருத்தோடு எஃப்எம்சிஎஸ்ஏ-விடம் தீர்வு கேட்க 391.47 விதியில் வழி இருக்கிறது. சிகிச்சை டாக்டர் "ஓட்டலாம்" என்று எழுதியிருந்தாலும் இறுதி முடிவு பரிசோதகருடையது.

நிறுவனத்துக்குத் தேவைப்படுவது சான்றிதழ்தான். நீண்ட படிவத்தின் நகலையும் அவர்கள் கேட்பதை எஃப்எம்சிஎஸ்ஏ விதி தடுக்கவில்லை. கேட்டால் யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கார்டு வந்த பிறகு

2025 ஜூன் 23 முதல், சிடிஎல் டிரைவர்களின் முடிவைப் பரிசோதகர் மின்வழியில் பதிவேட்டில் ஏற்றி, அங்கிருந்து அது மாநில லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போகும் முறை வந்திருக்கிறது. சில மாநிலங்கள் இதில் தாமதமாக இணைந்தன. அதனால் காகித நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் காலம் முடியாவிட்டாலும், புதிதாக வலிப்போ பக்கவாதமோ வந்தால், மனநலம் மோசமாகி வேலையைப் பாதித்தால், மீண்டும் பரிசோதனை செய்த பிறகே ஓட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. உடல்நிலை சரியில்லாத நேரத்தில் ஓட்டக் கூடாது, ஓட்டச் சொல்லவும் கூடாது என்று 392.3 விதி இருக்கிறது. வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்சர் அவசரப்படுத்தினால் அந்த எண்ணைச் சொல்லலாம். பாதையில் இருக்கும்போது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்பே டாக்டர் கடிதத்துக்கு நேரம் வாங்குங்கள். காலாவதியானால் 60 நாளுக்குள் மாநிலம் உங்கள் சிடிஎல்லைச் சாதாரண லைசென்ஸாகக் கீழிறக்கிவிடும். திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும். பரிசோதனை முடிந்த ஒரு வாரத்தில் மாநில அலுவலகத்தில் உங்கள் ஓட்டுநர் பதிவை எடுத்து, மருத்துவ நிலை "சான்றளிக்கப்பட்டது" என்று காட்டுகிறதா, தேதி சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தப்பாக இருந்தால் காகித நகலோடு போய் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.